‘பிடித்தது’ என்னும் சொல்லும் திறனாய்வும்

நூல் வெளியீட்டு விழாக்களிலும் சஞ்சிகைகளின் மதிப்புரைப் பகுதிகளிலும் அடிக்கடி கேட்கவும் காணவும் கிடைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘இத்தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த கவிதை இது’ என்பதே அது. சொல்பவர் அதனோடு அமைந்துவிடுகின்றார். கேட்பவரும் அதற்குமேல் வினவுவதில்லை. ஏன் பிடித்தது என்று வினவுவது நாகரிகமன்று என்ற எண்ணம் எவ்வாறோ நிலைபெற்றுவிட்டது. ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காமற் போகலாம், அதிலே வாதிப்பதற்கு என்ன இருக்கின்றது என்ற அளவிற் பேச்சு நின்றுவிடுகின்றது. திறனாய்வின் எல்லைக்கல்லாக இவ்வாறு நாட்டப்பட்டுள்ள இச்சொல் உண்மையில் எதனைக் கூறுகின்றது என்பது ஆராயத்தக்கது. அதன் பொருளையும், அது வாக்கியத்தில் அமையும் முறையையும் உன்னிப்பாக நோக்குமிடத்து, வினாவை அடைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்பது புலனாகும்.

விருப்பத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல. அவா, வேட்கை, காதல், நசை, ஆர்வம் எனப் பழைய இலக்கியங்கள் அவற்றை வேறுபடுத்தி ஆளுகின்றன. தொல்காப்பியர் உரியியலில் நம்பு, மேவு என்னும் இரண்டு சொற்களுக்கும் நசை என்று பொருள் கூறுகின்றார். இவற்றுள் மேவுதல் செய்யுள் வழக்கோடு ஒதுங்கிவிட்டது. நம்புதலோ இன்றும் நாள்தோறும் பயிலும் சொல், பொருள்தான் மாறிவிட்டது. ஒன்றை விரும்புதலைக் குறித்த சொல், அதனை மெய்யெனக் கொள்ளுதலைக் குறிக்கலாயிற்று. மனிதர் தாம் விரும்புவதையே மெய்யென்று கொள்வர் என இதிலிருந்து உளவியல் விதியொன்றை வகுத்துவிடலாகாது. ஆயினும் அவ்விரு பொருள்களும் ஒரு சொல்லுக்குள்ளே அடுத்தடுத்துக் குடியிருந்தன என்பதைத் திறனாய்வாளர் மறந்துவிடாதிருப்பது நன்று.

நசையோடு உறவுடைய நச்சுதல் என்னும் வினையும் விரும்புதலைக் குறித்ததே. தம்மை விரும்பி அடைந்தோர்க்கு இனியவர் என்ற பொருளில், நச்சினார்க்கினியர் என்னும் உரையாசிரியர் பெயரிலே அது நிலைத்திருக்கின்றது. நஞ்சின் திரிபாகிய நச்சு வேறு சொல். வள்ளுவர் நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்தில் இவ்விரண்டையும் ஒரே குறளிற் சந்திக்க வைத்து, எவராலும் விரும்பப்படாதவனுடைய செல்வத்தை ஊர் நடுவே பழுத்து நிற்கும் நச்சுமரத்துக்கு ஒப்பிடுகின்றார். ஒலியொப்புமையை வைத்து இவ்வாறு விளையாடும் உரிமை புலவனுக்கு உண்டு. சொல்லாராய்ச்சியில் இறங்குவோருக்கு அது இல்லை. விரும்பி அளிப்பதே விருந்து என்று மேடைகளில் விளக்குவோர் பலர். கேட்பதற்கு இனிமையான விளக்கந்தான். ஆனால் தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறும்போது, அதற்குப் புதுமை என்பதே பொருள். விருந்தினர் என்போர் புதியவர். அவர் விரும்பப்பட்டவரா என்பது வீட்டுக்காரரைக் கேட்டு அறியவேண்டிய விடயம்.

வேண்டுதல் என்னும் சொல் இன்னும் விரிவானது. விரும்புதல், இரத்தல், தேவைப்படுதல் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே தாங்கி நிற்கின்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே விலைகொடுத்து வாங்குதலும் வேண்டுதலே. கடையிலே சீனி ‘வேண்டி’ வருவர். ஒருவருக்கு வேண்டியவர் அவருடைய நண்பர், வேண்டாதவர் பகைவர். ‘அவர் எங்களுக்கு வேண்டிய ஆள்’ என்ற சிறு வாக்கியம் எத்தனை கதவுகளைத் திறந்துவைத்திருக்கின்றது என்பதை இந்நாட்டு அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கியோர் அறிவர். வள்ளுவர் இறைவனை வேண்டுதலும் வேண்டாமையும் அற்றவனாகக் கண்டார். நீதிபதியையும் பரீட்சகரையும் விருப்பு வெறுப்பற்றவர் என்று புகழ்வதே இன்றுவரையுள்ள வழக்கம். ஆகவே தமிழ் மரபில் விருப்பு என்பது ஒருவனுக்கு இருக்கலாமெனினும், தீர்ப்புக் கூறும் ஆசனத்தில் அவன் அமரும்போது வெளியே கழற்றி வைக்கவேண்டிய ஒன்றாகவே கருதப்பட்டது. இதுவரை கூறிய வினைகள் அனைத்துக்கும் பொதுவாயுள்ள இலக்கண அமைதி ஒன்று உண்டு. அவன் விரும்பினான், நச்சினான், வேண்டினான் என விரும்புபவனே எழுவாயாக நிற்கின்றான். செயல் அவனுடையது; அதற்கான பொறுப்பும் அவனுடையது.

வடமொழியிலிருந்து வந்த பிரியம், இஷ்டம், ருசி, இரசனை ஆகியன பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. ருசி என்பதற்கு அம்மொழியில் முதற்பொருள் ஒளி. விருப்பமும் சுவையும் பின்னர் வந்தவை. இரசனை என்பது அடிப்படையில் நாவின் தொழில். நேயம் என்பது சிநேகத்தின் திரிபு. சிநேகத்துக்கு எண்ணெய்ப் பசை என்ற பொருளும் உண்டு. ஒட்டிக்கொள்வதே நேயம் போலும்.

இவ்விடத்தில் விருப்பம் என்ற சொல் இலங்கையிற் பெற்றுள்ள தனிவாழ்வு கவனத்துக்குரியது. தமிழகத்தார் ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்று கூறுமிடத்து, ஈழத்துப் பேச்சு வழக்கில் ‘எனக்கு மாம்பழம் விருப்பம்’ என்பதே இயல்பாக வாயில் வரும். ஒருவரை விரும்புவதானால் ‘அவரிலை விருப்பம்’ என்பர். விரும்பப்படுபவர் இங்கே விருப்பம் சென்று தங்கும் இடமாகின்றார். வெறுப்பைக் கூறும்போது மாத்திரம் ‘பிடிக்கேல்லை’ என்ற வடிவம் தாராளமாக வருகின்றது. இலங்கை வானொலியின் ‘நேயர் விருப்பம்’ இச்சொல்லுக்கு இன்னொரு பரிமாணத்தை அளித்தது. அங்கே விருப்பம் என்பது உள்ளத்து உணர்ச்சி என்ற நிலையைக் கடந்து, தபாலட்டையில் எழுதி அனுப்பத்தக்க, பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டு நிறைவேற்றத்தக்க ஒரு பொருளாயிற்று. பின்னர் அது எண்ணத்தக்கதாகவும் மாறியது. 1988 இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டபின், 1989 பொதுத்தேர்தலில் வாக்காளர் கட்சிக்கு வாக்களிப்பதோடு அதன் வேட்பாளருள் மூவர்வரை விருப்பு வாக்கு அளிக்கலாயினர். இதனைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகிய மனாபய, மனத்துக்கு இனியது என்று பொருள்படும் பாளிச் சொல்லடியாக வந்தது. 2024 செப்டெம்பரில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் எவரும் செல்லுபடியான வாக்குகளில் அரைப்பங்குக்கு மேற் பெறாமையால், இரண்டாம், மூன்றாம் விருப்புகள் முதன்முறையாக எண்ணப்பட்டன. தீர்ப்புக் கூறுபவன் கழற்றி வைக்கவேண்டியதெனக் கருதப்பட்ட விருப்பு, இவ்வாறு தீர்ப்பின் அலகாகவே ஆகிவிட்டது. எண்ணுமிடத்திற் காரணம் கேட்பாரில்லை. அங்கே கேட்கவும் கூடாது. தேர்தற் சாவடிக்குப் பொருத்தமான அந்த மௌனம் இலக்கிய மேடைக்கும் வந்து சேர்ந்தமைதான் வருந்தத்தக்கது.

இனி, பிடித்தல். பழைய இலக்கியங்களிற் பிடி என்னும் பெயர் பெண்யானையைக் குறிப்பதாகவே பெரிதும் பயில்கின்றது. அது வேறு சொல். கையாற் பற்றுதலைக் குறிக்கும் பிடி என்னும் வினையே இங்கு நோக்கற்பாலது. கைப்பிடி, ஒருபிடி சோறு, மீன்பிடி ஆகியவற்றில் அம்முதற்பொருள் தெளிவாக நிற்கின்றது. அதிலிருந்து அச்சொல் சென்று சேர்ந்த இடங்கள் வியப்புக்குரியன. இரும்பிலே கறள் பிடிக்கின்றது. கிணற்றுக் கட்டிலே பாசி பிடிக்கின்றது. சோறு அடிப்பிடிக்கின்றது. மாரியில் தடிமன் பிடிக்கின்றது. விசர் பிடிக்கின்றது, சனி பிடிக்கின்றது. தமிழக வழக்கில் சம்பளத்திலே கழிக்கப்படும் தொகைக்குப் பிடித்தம் என்று பெயர். விருப்பமானதைப் பிடித்தமானது என்பதும் அவ்வழக்கே. மாதமுடிவிற் சம்பளம் பெறுபவருக்கு முதலாவது பிடித்தம் இரண்டாவது வகையைச் சேர்ந்ததாக இராது.

இவ்வாக்கியங்களிலே வேற்றுமை உருபுகள் அமையும் முறை ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. ‘பொலிஸார் அவனைப் பிடித்தனர்’ என்னும்போது பிடிப்பவர் எழுவாய். பிடிபட்டவன் இரண்டாம் வேற்றுமை. ‘அவனுக்குத் தடிமன் பிடித்தது’ என்னும்போது நோய் எழுவாய். நோயுற்றவன் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றான். அவன் எதுவுஞ் செய்யவில்லை. அவனிடத்தில் ஒன்று நிகழ்ந்தது. ‘அவனுக்கு அந்தப் பாட்டுப் பிடித்தது’ என்பது மேலோட்டமாக நோக்கும்போது இதே அமைப்புடையது. பாட்டே எழுவாய், அது தடிமனைப் போல வந்து அவனைப் பற்றிக்கொண்டது என்று கூறிவிடத் தோன்றும். சிலர் அவ்வாறே கூறி மகிழ்வர். ஆனால் பாட்டை விடுத்து ஓர் ஆளை அவ்விடத்தில் வைத்துப் பார்த்தால் இவ்விளக்கம் சரிந்துவிடுகின்றது. ‘எனக்கு அவன் பிடிக்கும்’ என்று தமிழர் கூறுவதில்லை. ‘எனக்கு அவனைப் பிடிக்கும்’ என்றே கூறுவர். ‘உன்னைப் பிடிக்கும்’ என்பதே வழக்கு. விரும்பப்படுபவன் இரண்டாம் வேற்றுமையில் நிற்கின்றான்; ஆகவே அவன் எழுவாயல்லன். விரும்புபவன் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றான். ஆகவே அவனும் எழுவாயல்லன். விரும்பப்படுவது ஆணாயினும் பெண்ணாயினும் பலராயினும் வினைமுற்று ‘பிடிக்கும்’, ‘பிடித்தது’ என்று மாறாமலே நிற்கின்றது. அப்படியாயின் பிடித்தது எது? வாக்கியம் அதனைக் கூறவில்லை. பிடித்தவனும் இன்றிப் பிடித்ததுவும் இன்றிப் பிடிப்பு மாத்திரம் நிகழ்ந்துவிடும் வாக்கியம் இது. எழுவாய்க்கு உரிய இடம் வெறுமையாக இருக்கின்றது.

இவ்வமைப்பைக் கொண்டு தமிழரது உளப்பாங்கு பற்றிப் பெரிய கோட்பாடுகளைக் கட்டுவது பொருந்தாது. பசி, வலி, அறிவு ஆகியவற்றையும் தமிழ் இவ்வாறே நான்காம் வேற்றுமையாற் கூறுகின்றது. எனக்குப் பசிக்கும், எனக்கு வலிக்கும் என்பது போலவே எனக்குத் தெரியும் என்பதும். அறிவையும் தம் செயலாகக் கருதாத மக்கள் என்று இதனைக் கொண்டு தமிழரைப் பற்றி எவரும் முடிவுகட்டுவதில்லை. பற்றுதலிலிருந்து விருப்பத்துக்குச் செல்லும் பொருள்வழியும் தமிழுக்கே உரியதன்று. தமிழ்ப் பிடிக்கு இனமான ஹிடி என்னும் கன்னட வினையிலிருந்து வரும் ஹிடிஸு என்பதும் மனத்துக்குப் பிடித்தல் என்ற பொருளில் வழங்குகின்றது. சிங்களத்திலோ நிலைமை நேர்மாறு: கெமதி என்ற சொல்லோடு வரும்போது விரும்புபவரே எழுவாய், விரும்பப்படும் பொருள் நான்காம் வேற்றுமை பெறுகின்றது. அடுத்தடுத்த வீடுகளிலே வாழும் இரு மொழியினர் ஒரே மாம்பழத்தை இவ்வாறு எதிரெதிர்த் திசைகளிலிருந்து விரும்புகின்றனர். எனவே இலக்கணத்தை நிரூபணமாகக் கொள்ளாமல், ஒரு வினாவை எழுப்பும் வாய்ப்பாகக் கொள்வதே தகும்.

அவ்வினா தமிழ்த் திறனாய்வின் வரலாற்றிலே ஏற்கெனவே வேறு பெயர்களில் எழுந்ததுதான். 1954 இல் காலமான டி. கே. சிதம்பரநாத முதலியார் இரசிகமணி என்று போற்றப்பட்டவர். கவிதையை வாய்விட்டுப் படித்து அனுபவிக்கும் இன்பத்தைப் பண்டிதர்களின் பொருளுரைச் சிறையிலிருந்து மீட்டமை அவருடைய பெரும்பணி. அதனைக் குறைத்து மதிப்பிடல் நேர்மையாகாது. ஆனால் அவர் கம்பராமாயணத்தைப் பதிப்பிக்கும்போது, தம் செவிக்கும் உள்ளத்துக்கும் கம்பனுடையன என்று படாத பாடல்களை இடைச்செருகல் எனத் தள்ளினார். சில இடங்களிற் பாடத்தையும் திருத்தினார். ஏட்டுச் சான்று கேட்டோருக்கு இரசனையே சான்றாகக் காட்டப்பட்டது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது ‘கம்பன் பாடவில்லை’ என்று பெயர்மாறிய கதை இது. விரும்புதலைக் குறித்த நம்புதல், மெய்யெனக் கொள்ளுதலைக் குறிக்கலான செய்தி இங்கு நினைவுக்கு வருகின்றது. க. நா. சுப்ரமண்யம் இத்தகைய பதிப்பாசிரியரல்லர். உலக இலக்கியப் பயிற்சியோடு தரம் பற்றிப் பேசியவர். எனினும் அவர் இடைவிடாது தந்த பட்டியல்களிலே பெயர்கள் இருந்த அளவுக்குக் காரணங்கள் இருக்கவில்லை. தேர்ந்த வாசகன் ஒருவனுடைய விருப்பு வாக்குகள் என்று அவற்றைக் கூறினால் மிகையாகாது.

இப்போக்கினை ஈழத்திலிருந்து கடுமையாகத் தாக்கியவர் க. கைலாசபதி. 1968 இல் வெளிவந்த ‘தமிழ் நாவல் இலக்கியம்’ முதலிய நூல்களில், இலக்கியத்தை அதனைத் தோற்றுவித்த சமுதாய வரலாற்றோடு வைத்து விளக்கும் நெறியை அவர் வலியுறுத்தினார். தனிமனித இரசனை என்று கூறப்படுவதும் ஒரு வகுப்பின், ஒரு காலத்தின் இரசனையே என்ற அவருடைய நிலைப்பாடு ஈழத்துத் திறனாய்வுக்கு முதுகெலும்பாயிற்று. இரசனைத் தரப்பினர் அதனை வறண்ட சமூகவியல் என்றனர். மற்றைய தரப்பினர் இரசனையைச் சொந்த விருப்பு வெறுப்பு என்று ஒதுக்கினர். இவ்விவாதத்தின் வெம்மையில் இருசாராரும் ஒரு விடயத்தைத் தவறவிட்டனர். நூலுக்குச் சமூகப் பின்னணி கூறிய திறனாய்வு, அந்நூல் தன் வாசகனைப் பற்றிக்கொண்ட கணத்துக்குப் பெரும்பாலும் பின்னணி கூறவில்லை. பற்றிக்கொண்ட கணத்தைப் பாடிய திறனாய்வு, பற்றியது எது என்று கேட்கவில்லை.

‘எனக்கு இதனைப் பிடித்தது’ என்ற வாக்கியத்தில் வெறுமையாயுள்ள எழுவாயின் இடம் உண்மையில் இருசாராருக்கும் பொதுவான வேலைத்தலம். வாசகனுக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று அவனைப் பற்றிக்கொண்டது என்று கொள்வதற்கு அவ்வாக்கியம் இடமளிக்கின்றது. வெளியிலிருந்து வந்தது எதுவாயினும் அது விசாரிக்கத்தக்கது. பள்ளிக்கூடத்தில் மனனஞ் செய்த செய்யுளின் ஓசையாக அது இருக்கலாம். கோயில் வீதியிற் கேட்ட கூத்துப் பாட்டாக இருக்கலாம். சாதியோ வகுப்போ கற்பித்த கூச்சமாக இருக்கலாம். ஆசிரியர் ஒருவர் வகுப்பிலே குரல் தழுதழுக்க வாசித்த அரைமணி நேரமாகவும் இருக்கலாம். மஹாகவியின் ‘குறும்பா’ 1966 இல் நூலானபோது அதனை இரசித்தவருக்குப் பிடித்தது எது? பேச்சோசையின் விரைவை யாப்பின் கட்டுக்குள்ளே கேட்ட செவியின் வியப்பு ஒரு பங்கு. கௌரவமான கவிதைக்குள் வரத்தகாதனவெனத் தள்ளப்பட்ட மனிதரும் சில்லறைத்தனங்களும் வந்துவிட்டமை இன்னொரு பங்கு. முதலாவதை யாப்பிலக்கணங் கொண்டும், இரண்டாவதைச் சமூக வரலாறு கொண்டும் விளக்கலாம். இரண்டும் சேர்ந்தே அவ்வாசகனைப் பற்றின.

பிடி என்னும் வேரே இவ்வாறான விசாரணைக்குச் சாதகமானது. விளங்காதிருந்த ஒன்று விளங்கும்போது பிடிபட்டது என்கின்றோம். கொள்கையிலே உறுதியாக நிற்பவருக்குக் கொள்கைப்பிடிப்பு உண்டு என்கின்றோம். வாதத்திலே தளர்வு கிடைக்குமிடத்தில் அங்கே ஒரு பிடி இருக்கின்றது என்பர். பிடித்தலும் பிடிபடுதலும் பிடிப்பும் ஒரே கையின் தொழில்கள். விரும்பு என்ற வேரிலிருந்து விளக்கத்தைக் குறிக்கும் சொல் ஒன்று தமிழில் எழவில்லை. இரசனை என்பதிலிருந்தும் எழவில்லை. அந்த வகையில், திறனாய்வுக்கு ஒவ்வாதது என்று கண்டிப்பானவர்கள் விலக்கும் இச்சொல், அவர்கள் மதிக்கும் பல கலைச்சொற்களைவிட அத்தொழிலுக்கு அண்மையில் நிற்பது. பிடித்தது என்று கூறிய பின் அது பிடிபட்டதா என்று கேட்காமல் விடுவதே குறை.

இச்சொல்லின் வன்மை முழுவதும் வெளிப்படுமிடம் ஒன்றுண்டு. 1985 இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ என்னும் கவிதைத் தொகுதி வெளிவந்தது. 1983 இன் பின்னர் வீடுகளையும் மனிதரையும் இழந்த காலத்தில் அதனைக் கையிலெடுத்தவர்கள் அதிலுள்ள கவிதைகளை விரும்பினர் என்று கூறுவது நாவுக்குக் கூசும். எரிந்த ஊரையும் திரும்பி வராதவனையும் பற்றிய வரிகளை யாரும் ‘விருப்பம்’ என்று சொல்லார். இனிமை, சுவை, இரசனை என்பவற்றுள் ஒன்றும் அங்கே பொருந்தாது. ஆயினும் அக்கவிதைகள் வாசகரை விடவில்லை. அவற்றைப் படித்து மூடியவர் மீண்டும் திறந்தனர். கையெழுத்திற் பிரதிசெய்து வைத்தவரும் இருந்திருப்பர். அந்நிலையைக் குறிக்கத் தமிழில் உள்ள சொல் பிடித்தது என்பதொன்றே, அதுவும் தடிமனுக்கும் விசருக்கும் பயன்படும் அதே பொருளில். அங்கே எழுவாயின் இடத்தில் நின்றது எது என்று அன்றைய வாசகர் எவரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அக்காலத்தை அறியாத, அதன் பின்னர் பிறந்த மாணவர் இன்று அத்தொகுதியை நூலகத் தட்டிலிருந்து எடுத்து வாசித்து, அதே சொல்லைக் கூறுகின்றனர். இவர்களைப் பிடித்தது எது என்பது இன்னும் எழுதப்படவில்லை.